டாம்ஸ் குழுவின் தொகுப்பு ஆல்பம் கேட்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வட கரோலினாவில் சார்லட், ராலே பக்கம் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பலர் கோடை விடுமுறைக்கு தென் கரோலினாவின் கடற்கரை ஊரான மிர்ட்டில் பீச் போய் வருவார்கள். அங்கே கடைத்தெருவில் ஒலிக்கும் பழைய இசை ஒன்று காதில் விழும். வேகமும் இல்லாத, தூங்கவும் விடாத ஒரு தாளம், கரகரத்த ஒரு ஆண் குரல், பின்னால் நாலு பேர் சேர்ந்து பாடுவது. அந்த வகைக்கு அங்கே 'பீச் மியூசிக்' என்று பெயர். யாரென்று விசாரித்தால் சொல்லப்படும் பெயர்களில் 'த டாம்ஸ்' கட்டாயம் இருக்கும். அவர்களுடைய பாடல் தொகுப்பு ஒன்றை வாங்கியோ தேடிப் பிடித்தோ கேட்க நினைப்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்.

பீச் மியூசிக் என்றால் பீச் பாய்ஸ் பாடியதுதானே?

இல்லை. எல்லோருக்கும் வரும் குழப்பம்தான் இது. பீச் பாய்ஸ் கலிஃபோர்னியாக்காரர்கள். அலைச்சறுக்கும் காரும் பசிபிக் வெயிலும் அவர்கள் உலகம். நாம் பேசுவது நாட்டின் மறுகோடியில், அட்லாண்டிக் ஓரத்தில் இருக்கும் இரண்டு கரோலினா மாநிலங்களின் பீச் மியூசிக். 1940களிலிருந்து அந்தக் கடற்கரை மண்டபங்களில் இளைஞர்கள் ஆடிய ரிதம் அண்ட் புளூஸ் என்ற கறுப்பர் இசையும், பின்னால் வந்த சோல் இசையும் சேர்ந்ததுதான் அது.

பாட்டில் கடல் வரவேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. டொமினோஸ் குழு 1951இல் பாடிய 'சிக்ஸ்டி மினிட் மேன்' இந்த வகையின் ஆதிப் பாடல்களில் ஒன்று. அதில் மணலும் இல்லை, அலையும் இல்லை. தன் காதல் திறமையைப் பற்றி ஒருவன் அடிக்கும் பெருமைதான் முழுக்க. ஜூக்பாக்ஸில் காசு போட்டு எந்தப் பாட்டுக்குத் திரும்பத் திரும்ப ஆடினார்களோ அதெல்லாம் பீச் மியூசிக் ஆனது. பாடியவர்களைக் கேட்காமல் ஆடியவர்களே வைத்த பெயர் என்று சொல்லலாம். தொகுப்பைக் கேட்கும்போது இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

டாம்ஸ் யார்?

ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவைச் சேர்ந்த ஐந்து கறுப்பினப் பாடகர்கள். ஜோ போப், சார்ல்ஸ் போப் என்ற அண்ணன் தம்பி, ராபர்ட் லீ ஸ்மித், ஹொரஸ் கீ, ஃபிளாய்ட் ஆஷ்டன். ஆஷ்டனின் இடத்துக்குப் பிறகு ஆல்பர்ட் காட்டில் வந்தார். மேடைக்கு ஒரே மாதிரி உடை தைக்கப் பணம் இல்லாத காலத்தில், உச்சியில் குஞ்சம் வைத்த ஸ்காட்லாந்துத் தொப்பி ஆளுக்கொன்று வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். 'டாம்' என்ற அந்தத் தொப்பியின் பெயரே குழுவுக்கும் ஒட்டிக்கொண்டது.

கரகர குரல் ஜோ போப்புடையது. அதற்கு நேர் எதிராக, தரைக்கடியிலிருந்து வருவது போன்ற கனத்த குரல் ராபர்ட் லீ ஸ்மித்துடையது. இந்த இரண்டு குரல்களையும் பிரித்துக் கேட்கத் தெரிந்துவிட்டால் டாம்ஸ் பாட்டை எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுவிடலாம். ஜோ 1996இலும் சார்ல்ஸ் 2013இலும் காலமானார்கள்.

அட்லாண்டாவில் கடலே கிடையாதே?

கிடையாது. மிக அருகிலிருக்கும் கடற்கரைக்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர் போகவேண்டும். அவர்களுடைய முக்கியமான பாட்டு ஒலிப்பதிவானதோ அலபாமாவின் மசில் ஷோல்ஸில், ரிக் ஹாலின் ஃபேம் ஸ்டூடியோவில். அங்கேயும் கடல் இல்லை, டென்னஸி ஆறுதான். பாட்டு எழுதியவர்களில் பெரும்பாலோர் அட்லாண்டா பதிப்பாளர் பில் லோவரியைச் சுற்றி இருந்த வெள்ளைக்கார இளைஞர்கள்: ரே விட்லி, ஜோ சவுத், ஜே. ஆர். காப். ஆக, அட்லாண்டாவில் எழுதி, அலபாமாவில் பதிவு செய்து, நியூயார்க்கின் ஏபிசி பாரமவுண்ட் கம்பெனி வெளியிட்ட பாட்டு கரோலினா கடற்கரைக்குச் சொந்தமாகிப்போனது.

இதற்கு ஒரு முக்கியக் காரணம் கல்லூரி விருந்துகள். தென்மாநிலப் பல்கலைக்கழக மாணவர் விடுதிகள் வார இறுதிக் கொண்டாட்டங்களுக்கு டாம்ஸ் போன்ற குழுக்களை அழைத்தார்கள். அதே மாணவர்கள்தான் கோடையில் கடற்கரைக்கு வந்தார்கள். படித்து முடித்து வேலைக்குப் போய், வழுக்கை விழுந்த பிறகும் அந்தப் பாட்டைத் தேடினார்கள். வானொலி மறந்துபோன பாட்டுகள் அங்கே மட்டும் பிழைத்துக் கிடந்ததற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

எந்தத் தொகுப்பை வாங்குவது? ஒரே பாட்டு பல ஆல்பங்களில் இருக்கிறதே.

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

1960களின் குழுக்களுக்குத் தங்கள் ஒலிப்பதிவுகள் சொந்தமில்லை. மூலநாடா கம்பெனியிடம் இருக்கும். டாம்ஸ் ஏபிசியில் பாடியவை, அந்தக் கம்பெனியை 1979இல் எம்சிஏ என்ற இன்னொரு இசைக் கம்பெனி வாங்கியபோது அதனோடு கைமாறின, இப்போது யுனிவர்சல் வசம். இன்னொரு கம்பெனி தொகுப்பு வெளியிட வேண்டுமென்றால் உரிமைத்தொகை கட்டி வாங்கவேண்டும். அதைத் தவிர்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. குழுவில் மிச்சமிருப்பவர்களை ஸ்டூடியோவுக்கு அழைத்து அதே பாட்டுகளை மறுபடி பாடவைத்து, பழைய படத்தை அட்டையில் போட்டு, 'மிகச்சிறந்த பாடல்கள்' என்று விற்றுவிடுவது. பழைய குழுக்கள் பலவற்றுக்கும் இது நடந்திருக்கிறது. சட்டப்படி தப்பில்லை. ஆனால் நீங்கள் தேடியது அதுவல்ல.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பின்னட்டையில் சிறிய எழுத்தில் 'மறுபதிவு' என்றோ 'புதிய ஸ்டீரியோ பதிவு' என்றோ போட்டிருக்கிறதா பாருங்கள். ஏபிசி, எம்சிஏ, யுனிவர்சல் ஆகியவற்றில் ஒன்றின் பெயர் உரிமைக் குறிப்பில் இருந்தால் பெரும்பாலும் அசல். பாட்டின் நீளத்தையும் பாருங்கள். அந்தக் காலத்து 45 சுற்று ரெக்கார்டுப் பாட்டுகள் பெரும்பாலும் இரண்டேகால், இரண்டரை நிமிடம். அதே பாட்டு மூன்றரை நிமிடம் ஓடினால் சந்தேகப்படலாம். அப்புறம் காது இருக்கவே இருக்கிறது. அசலில் டிரம்ஸ் கொஞ்சம் தள்ளி, அறையின் எதிரொலியோடு கேட்கும். மறுபதிவில் டிரம்ஸ் முகத்துக்கு நேரே வந்து அறையும், அசல் டிரம்பெட் வரவேண்டிய இடத்தில் சில சமயம் கீபோர்டு ஊதும்.

ஸ்ட்ரீமிங்கில் இன்னும் குழப்பம். தேடினால் முதலில் வருவது அசலாகத்தான் இருக்கும் என்று நினைக்கவேண்டாம். ஒரே பெயரில் நாலைந்து பதிவுகள் இருந்தால் எல்லாவற்றையும் அரை நிமிடம் கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

தொகுப்பில் எந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம்?

என் சிபாரிசு 'வாட் கைண்ட் ஆஃப் ஃபூல்'. ரே விட்லி எழுதியது. 1963 இறுதியில் வெளியாகி, 1964 தொடக்கத்தில் பில்போர்டு ஹாட் 100 என்ற அமெரிக்கத் தேசியப் பட்டியலில் ஒன்பதாம் இடம் வரை ஏறியது. பீட்டில்ஸ் அமெரிக்காவில் முதன்முதலாக முதலிடம் பிடித்ததும் அதே குளிர்காலத்தில்தான். அந்தப் புயலில் எத்தனையோ அமெரிக்கப் பாடகர்கள் காணாமல் போனார்கள். இதில் வாசித்த ஃபேம் ஸ்டூடியோ இளைஞர்கள், நார்பர்ட் புட்னம், டேவிட் பிரிக்ஸ், ஜெர்ரி கேரிகன் மூவரும், பீட்டில்ஸின் முதல் அமெரிக்கக் கச்சேரியில் அவர்களுக்கு முன்னால் டாமி ரோ பாடியபோது அவருக்குப் பக்கவாத்தியமாக மேடையேறினார்கள். 1964 பிப்ரவரி, வாஷிங்டன் நகரம்.

அடுத்து 'அன்டை மீ', 1962. ஜோ சவுத் எழுதியது. இதுதான் டாம்ஸை முதலில் தேசியப் பட்டியலில் ஏற்றியது. மெதுவான, கெஞ்சும் பாட்டு. ஜோ போப்பின் தொண்டைக்கரகரப்பை இதில்தான் முழுசாகக் கேட்கலாம்.

பிறகு 'ஐ'வ் பீன் ஹர்ட்'. 1965இல் வந்தது. தேசிய அளவில் பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஆனால் கரோலினாவில் யாரைக் கேட்டாலும் டாம்ஸ் என்றால் இந்தப் பாட்டைச் சொல்வார்கள். வர்ஜினியா பீச்சைச் சேர்ந்த பில் டீல் அண்ட் த ரோண்டெல்ஸ் என்ற வெள்ளைக்காரக் குழு 1969இல் இதையே மறுபடி பாடித் தேசியப் பட்டியலில் முதல் நாற்பதுக்குள் கொண்டுவந்தது. 'வாட் கைண்ட் ஆஃப் ஃபூல்' பாட்டையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. அவர்களுடையது துள்ளல் அதிகம், சோகம் குறைவு. எனக்கு டாம்ஸ்தான்.

'பி யங், பி ஃபூலிஷ், பி ஹேப்பி', 1968, கடைசியாகக் கேளுங்கள். இதைத்தான் முதலில் கேட்கவேண்டும் என்று பலர் சொல்வார்கள், ஏனென்றால் மிகப் பிரபலம். அதுவே பிரச்சினை. இதை முதலில் கேட்டவர்களுக்கு மற்றதெல்லாம் சோகப் பாட்டாகத் தோன்றும், தொகுப்பைப் பாதியில் மூடிவிடுவார்கள்.

எல்லாப் பாட்டும் ஒரே வேகத்தில் இருப்பதுபோல் இருக்கிறதே?

ஓரளவுக்கு உண்மைதான், அதற்குக் காரணமும் உண்டு. இந்தத் தொகுப்புகளை அடுக்குபவர்கள் நடனக்காரர்களை நினைத்தே அடுக்குகிறார்கள். கரோலினா ஷேக் (shag) என்ற ஜோடி நடனத்துக்கு ஏற்ற வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 110 முதல் 130 அடி. அதற்கு வெளியே இருப்பதெல்லாம் கழன்றுவிடும். டாம்ஸ் பாடிய மெதுவான நல்ல பாட்டுகள் சில தொகுப்புகளில் இல்லாமல் போவது இதனால்தான்.

வேகம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றல்ல. பின்குரல்களைக் கவனியுங்கள். சில பாட்டுகளில் ஜோ சொல்வதைத் திருப்பிச் சொல்லும். சிலவற்றில் அவரோடு வாதாடும். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சமையலறையில் வேலை செய்துகொண்டே கேட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஷேக் நடனம் தெரியாமல் ரசிக்க முடியுமா?

தாராளமாக. ஆனால் அடிப்படை அடியைத் தெரிந்துகொண்டால் இசை வேறு மாதிரி கேட்கும். ஆறு எண்ணிக்கை: ஒன்றும்-இரண்டு, மூன்றும்-நான்கு, ஐந்து, ஆறு. இடுப்புக்கு மேலே உடம்பு அசையாது, வேலையெல்லாம் முழங்காலுக்குக் கீழே. துள்ளக்கூடாது. ஒரு கையில் பீர் டம்ளரை வைத்துக்கொண்டு சிந்தாமல் ஆடவேண்டும் என்று கரோலினாக்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

தென் கரோலினா 1984இல் ஷேக்கை மாநில நடனமாக அறிவித்தது. 2001இல் பீச் மியூசிக்கையும் மாநில வெகுஜன இசையாக்கியது. வட கரோலினாவும் 2005இல் ஷேக்கைத் தன் மாநில வெகுஜன நடனமாக்கியது.

பாடியவர்கள் கறுப்பர்கள், ஆடுவோரில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். எப்படி?

ஆல்ப அட்டையில் எழுதாத கதை இது. அன்றைய சட்டப்படி கடற்கரைகளும் நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டவை. மிர்ட்டில் பீச்சுக்கு அருகில் அட்லாண்டிக் பீச், வில்மிங்டனுக்கு அருகில் சீபிரீஸ் ஆகியவை கறுப்பர்களுக்கான கடற்கரைகள். வெள்ளையரின் வானொலியில் வராத ரெக்கார்டுகள் அங்கேதான் ஒலித்தன. 1940களில் சிக்கன் ஹிக்ஸ் என்ற வெள்ளைக்கார இளைஞர் சீபிரீஸில் போய்க் கேட்டு, ஆடக் கற்று, அந்த ரெக்கார்டுகளைப் பக்கத்து கரோலினா பீச்சின் ஜூக்பாக்ஸ்களுக்குக் கொண்டுவரச் செய்தார். அதற்கும் முன்னால், 1930களில், தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் பழைய யூத வழிபாட்டு இல்லம் ஒன்றில் இருந்த பிக் ஆப்பிள் என்ற கறுப்பர் கிளப்பில் வெள்ளை மாணவர்கள் காசு கொடுத்து மாடத்தில் உட்கார்ந்து நடனம் பார்த்துப் பழகியிருக்கிறார்கள்.

மிர்ட்டில் பீச்சின் கார்வர் தெருவில் சார்லி ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற கறுப்பர் நடத்திய சார்லிஸ் பிளேஸ் கிளப்புக்கு இரு நிறத்தவரும் வந்தார்கள். 1950 ஆகஸ்ட் 26 இரவு கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் அங்கே புகுந்து சுட்டார்கள். ஃபிட்ஸ்ஜெரால்டைக் கடத்திக்கொண்டுபோய் அடித்து, காதுகளை வெட்டினார்கள். அந்தச் சண்டையில் குண்டடிபட்டு இறந்த கிளான்காரர் ஒருவரின் அங்கியை விலக்கிப் பார்த்தால் உள்ளே போலீஸ் சீருடை. யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை.

டாம்ஸ் வந்தது இதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் கழித்து. கடற்கரைகளில் சட்டப்படியான பிரிவினை முறியும் காலம். அப்போதும் மேடையில் அவர்கள், கீழே வேறு நிறத்தார் என்ற நிலைமை பல இடங்களில் இருந்தது. 'பழைய இனிய கோடைகள்' என்று பீச் மியூசிக்கைப் பற்றி உருகுபவர்களில் பலர் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டுக் கேட்டாலும் பாட்டு இனிமைதான். ஆனால் ஜோ போப்பின் குரலில் இருக்கும் அந்தக் கசப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

பிரிட்டனில் முதலிடம் பிடித்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. 'ஹே கேர்ள் டோன்ட் பாதர் மீ' 1964இல் அமெரிக்காவில் 41ஆம் இடத்தோடு நின்றுபோன பாட்டு. இங்கிலாந்தின் வடக்கு நகரங்களில் அமெரிக்க சோல் ரெக்கார்டுகளைத் தோண்டியெடுத்து விடியவிடிய ஆடும் கூட்டம் ஒன்று இருந்தது. அவர்கள் இதைப் பிடித்துக்கொள்ள, மறுவெளியீடாகி, 1971 செப்டம்பரில் பிரிட்டனில் மூன்று வாரம் முதலிடம். ஏழு வருடம் பழைய பாட்டு! கரோலினாக்காரர்களுக்கும் லங்காஷயர்காரர்களுக்கும் ஒருவரையொருவர் தெரியாது. இரண்டு பக்கமும் கால்தான் தீர்ப்புச் சொன்னது.

1987இல் ஷேக் நடனத்தைப் புகழ்ந்து டாம்ஸ் பாடிய பாட்டும் பிரிட்டனில் 21ஆம் இடம் வரை போனது. அந்த நடனத்தின் பெயர் பிரிட்டிஷ் கொச்சையில் பாலுறவைக் குறிக்கும் சொல் என்பதால் பிபிசி ஒலிபரப்பவில்லை. பிந்தைய தொகுப்புகளில் இது இருக்கும், எண்பதுகளின் மினுமினுப்போடு. நான் தாண்டிவிடுவேன்.

மோனோவா, ஸ்டீரியோவா?

1960களின் முற்பகுதிப் பாட்டுகளுக்கு மோனோ. கார் வானொலியிலும் ஜூக்பாக்ஸிலும் ஒற்றை ஒலிபெருக்கியில் கேட்பதற்கென்றே அவற்றைக் கலந்தார்கள். ஸ்டீரியோ என்று போட்டிருக்கும் பழைய எல்பி சிலவற்றில், மோனோ நாடாவையே ஒரு பக்கம் கீச்சலாகவும் மறுபக்கம் கனமாகவும் பிரித்துச் செயற்கையாகச் செய்திருப்பார்கள். அதைக் கேட்டால் தலைவலிதான் மிச்சம். 1968க்குப் பிந்தியவற்றுக்கு ஸ்டீரியோ பரவாயில்லை.

ரெக்கார்டில் கேட்பதா, சிடியா?

வசதிபோல் செய்யுங்கள். பழைய 45 சுற்று ரெக்கார்டுகள் விருந்துகளில் தேய்ந்தவை, கீறல் இல்லாமல் கிடைப்பது அபூர்வம். முதல் தடவை கேட்பவருக்கு அசல் பதிவு கொண்ட சிடி போதும். இருபது பாட்டு இருந்தாலும் ஐம்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

டாம்ஸ் பிடித்துவிட்டது, அடுத்து யார்?

தென் கரோலினாக்காரரான மாரிஸ் வில்லியம்ஸும் அவருடைய ஸோடியாக்ஸும் பாடிய 'ஸ்டே', 1960. ஒன்றே முக்கால் நிமிடம்கூட ஓடாது, ஆனால் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அப்புறம் சேர்மென் ஆஃப் த போர்டு குழு. டெட்ராய்ட்டில் 1970இல் பெரிய வெற்றி கண்டுவிட்டு, அதன் தலைவர் ஜெனரல் ஜான்சன் கரோலினா பக்கம் வந்து, பீச் மியூசிக் என்று தெரிந்தே பீச் மியூசிக் செய்தார். 1980இல் வந்த 'கரோலினா கேர்ள்ஸ்' அப்படிப்பட்டது. எம்பர்ஸ் குழுவின் 1979 பாட்டு 'ஐ லவ் பீச் மியூசிக்' இன்னும் ஒரு படி மேலே போய், தன் வகையையே பாடுபொருளாக்கிக்கொண்டது. நல்ல பாட்டுதான். ஆனால் தெரிந்து செய்வதற்கும் தெரியாமல் அமைவதற்கும் இருக்கும் வித்தியாசம் டாம்ஸோடு பக்கத்தில் வைத்துக் கேட்டால் பளிச்சென்று புரியும்.

மிர்ட்டில் பீச் போனால் இந்த இசையை எங்கே கேட்கலாம்?

மிர்ட்டில் பீச்சின் நடுவே தேடாதீர்கள், வடக்கு மிர்ட்டில் பீச்சின் ஓஷன் டிரைவ் பகுதிக்குப் போங்கள். 1954 அக்டோபரில் ஹேசல் புயல் அங்கிருந்த பழைய மண்டபங்களை வாரிக்கொண்டு போனது, ஆனாலும் பழக்கம் போகவில்லை. மெயின் ஸ்ட்ரீட்டை ஒட்டி ஷேக் கிளப்புகள் இருக்கின்றன. ஃபேட் ஹெரால்ட்ஸ் என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். சொசைட்டி ஆஃப் ஸ்ட்ராண்டர்ஸ் என்ற அமைப்பு 1980இலிருந்து கூட்டும் வசந்தகால, இலையுதிர்காலச் சந்திப்புகளின்போது போனால் தெரு முழுக்க எழுபது வயதுக்காரர்கள் சளைக்காமல் ஆடுவதைப் பார்க்கலாம். அந்த வாரங்களில் ஹோட்டல் அறை கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். வழுக்கும் தோல் அடிப்பாகம் உள்ள செருப்போ ஷூவோ இருந்தால் எடுத்துப்போங்கள், ரப்பர் அடி வைத்த ஷூ அந்த மரத்தளத்தில் திரும்பாது.